நாலு விரல்

இல்ல தங்கச்சி, இப்ப உள்ள விடமாட்டாங்க. கடைசிக் கூட்டம் வெளிய வரணும், அதுக்கப்புறந்தான் கழுவுற ஆளுங்களுக்குக் கதவு. நின்னுட்டே இருந்தா கால்தான் வலிக்கும், இப்படி உக்காருங்க. பக்கெட்ட அந்தப் பக்கம் தள்ளி வைங்க. பிரஷ்ஷக் குடுங்க, நான் பிடிச்சுக்கறேன். அட குடுங்கம்மா, தின்னுட மாட்டேன்.

நானா? நான் இங்க வேல பாக்கறவன் இல்ல. அதோ மரத்தடில மஞ்ச பஸ்ஸு நிக்குது பாருங்க, அதோட டிரைவர். என் வண்டில வந்த ஜனங்கதான் இப்ப குகைக்குள்ள இருக்கு. நானும் கூடத்தான் போனேன். பாதில வந்துட்டேன். ஏன்னு சொல்றேன், இருங்க.

மத்த டிரைவருங்க சீட்டச் சாச்சுப் போட்டுக் குறட்ட விடுவாங்க. நான் மட்டும் ஒவ்வொரு டிரிப்பும் உள்ள போயிருவேன். கைடு என்னக் கேலி பண்ணுவாரு. இவரு வீட்ல ஃபேன் ஓடல போல, ஓசில குளுகுளுன்னு காத்து வாங்க வர்றாருன்னு கூட்டத்துக்கு முன்னாடியே சொல்லுவாரு. எல்லாரும் திரும்பி என்னப் பாத்துச் சிரிப்பாங்க. நானும் சிரிச்சு வெப்பேன். நல்ல மனுஷன்தான். வாய் மட்டும் நிக்காது. எனக்கும் அதே வியாதிங்கறதால ரெண்டு பேருக்கும் ஒத்துப் போச்சு.

நீங்க இதுக்கு முன்னாடி உள்ள போனதில்லையா? அப்படின்னா படில பாத்து எறங்குங்க, ஈரம். எறங்கினதுமே மேல விழுது விழுதாத் தொங்கும், எல்லாம் கல்லு. அதுலருந்து சொட்டுற தண்ணில கீழயும் ஒண்ணு கூம்பு மாதிரி வளந்து நிக்கும். கைடு சொல்லுவாரு, மேல தொங்குறது மாப்பிள்ள, கீழ நிக்குறது பொண்ணு, நடுவுல ஒரு முழந்தான் பாக்கி, ஆனா பொண்ணு வீட்ல இன்னும் ஆயிரக்கணக்குல வருஷம் டயம் கேக்குறாங்கன்னு. எத்தன தடவ கேட்டிருப்பேன்! இருந்தாலும் அந்த எடத்துல புதுசாக் கேக்குற மாதிரி சிரிப்பேன். ஒரு தடவ ஒரு அம்மா, மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டு நிக்குற ஒரு பாறையக் காட்டி, அப்படியே எங்க மாமியாருன்னு சொல்லிருச்சு. மாமியாரு பின்னாலயே நிக்குது. திரும்பிப் போற வழி பூரா அது முன் சீட்டு, இது கடைசி சீட்டு. வண்டில ஒருத்தர் மூச்சு விடலயே.

சரி, அத விடுங்க. பாசிதானே எடுக்க வந்திருக்கீங்க? லைட்டு போட்ட எடமெல்லாம் பச்சையாப் படிஞ்சு கெடக்கும். ஒவ்வொரு வருஷமும் வந்து அதத்தான் தேய்ப்பாங்க. இந்தத் தடவ கறை, கைத்தடம் எதையும் விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்களா? ம்ம். கைடும் அதத்தான் சொன்னாரு. உள்ள வெச்சுச் சொன்னாரு. அங்கதான் நான் திரும்பினேன்.

அந்தப் பெரிய கூடத்துக்குப் போனதும் கம்பி ஓரமா ஒரு வெள்ளக் கல்லு நிக்கும். ஒரு சின்னப் புள்ள ஒசரந்தான் இருக்கும். அதுல ஒரு கை பதிஞ்சிருக்கு. கருப்பா. சின்னக் கை. நாலு விரல்தான் இருக்கும், சுண்டு விரலக் காணோம். கைடு டார்ச்ச அது மேல அடிப்பாரு. அப்புறம் கொரலத் தாழ்த்தி, இது நாலு விரல் பேயோட கைன்னு ஆரம்பிப்பாரு. பொடிசுங்க அம்மா முந்தானைய இழுத்து மூஞ்சில போட்டுக்கும். ஒடனே சிரிச்சுட்டு, பேயுமில்ல பிசாசுமில்ல, எவனோ பெத்த வானரம் அழுக்குக் கையோட தொட்டிருக்கு, தொட்ட எடத்துல தண்ணி ஒட்டாது, தண்ணி ஒட்டலன்னா கல்லு வளராது, கோடி வருஷமா வளந்தத ஒரு நொடில நிறுத்திருச்சு பாருங்கன்னு பிடிபிடின்னு பிடிப்பாரு. கூட்டம் மொத்தமும் ச்சு ச்சுங்கும். என்ன வளப்போ, இதுங்களையெல்லாம் ஏன் வெளிய கூட்டிட்டு வராங்கன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லும். பெத்தவங்க எங்க பராக்குப் பாத்துட்டு நின்னாங்களோன்னு கடைசில முடிப்பாரு.

இல்ல, எனக்குக் கோவம் வராது. எதுக்கு வரணும்? திட்டுக்குள்ள ஒரு உரிமை இருக்குல்ல. இல்லாத புள்ளைய யாராவது திட்டுவாங்களா?

அதுக்கப்புறம் லைட்ட அணைப்பாரு. எல்லாக் குகைலயும் அப்படிப் பண்ணுவாங்களாம், நெஜ இருட்டு எப்படி இருக்கும்னு காட்டுறதுக்கு. சாதா இருட்டு இல்ல தங்கச்சி அது. மூஞ்சிக்கு நேராக் கையக் கொண்டு வந்தாலும் தெரியாது. கண்ணு தொறந்திருக்கா, மூடியிருக்கான்னே நமக்குத் தெரியாது. எங்கயோ தண்ணி சொட்டும். பேசிட்டே வந்தவன்லாம் கப்புன்னு அடங்கிருவான். பக்கத்துல நிக்குறது யாருன்னே தெரியாது. யார் வேணா நிக்கலாம். அப்படித்தான் எனக்குத் தோணும்.

அந்த நேரத்துல நான் கையக் கொஞ்சம் கீழ எறக்கி வெச்சுக்குவேன். இப்படி. உள்ளங்கை பின்னாடி பாக்குற மாதிரி.

ஒரு தடவ அந்தக் கைய ஒண்ணு வந்து பிடிச்சுச்சு. சின்னக் கை. சில்லுன்னு. வெரல் நுனி மட்டும் கொஞ்சம் சூடு. பயப்படாதீங்க, நான் பேய்க்கத சொல்ற ஆளு இல்ல. நான் மூச்சே விடல. சாமி, இந்த ஆளு லைட்டப் போடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். போட்டாரு. என் வண்டில வந்த புள்ளதான் அது, அவங்கப்பான்னு நெனச்சுப் பிடிச்சிருக்கு. நிமிந்து என் மூஞ்சியப் பாத்துட்டு வீல்னு கத்திருச்சு பாவம். அவங்கப்பா ஓடி வந்து தூக்கிட்டு, தப்பா நெனச்சுக்காதீங்க அண்ணேன்னாரு. நான் ஒண்ணும் நெனைக்கல. அன்னைக்கு மட்டும் வண்டி எடுக்க ரொம்ப நேரமாச்சு. கிளட்சு சரியில்ல, சூடு ஆறட்டும்னு சொல்லிச் சமாளிச்சேன். அந்தக் கைய ஸ்டியரிங்ல வெக்காம மடிலயே வெச்சிருந்தேன்.

டீ வேணுமா? பிளாஸ்க்ல இருக்கு. வேணாமா, சரி.

என்ன கேட்டீங்க? ஆமா, கருப்பு எப்படி இவ்வளவு நாள் போகாம இருக்குன்னா, அது அழுக்கு இல்ல. கைடுக்குத் தெரியல. அது கிரீஸு. அன்னைக்கு வழில ஒரு சக்கரம் சத்தம் போட்டுச்சுன்னு ஓரங்கட்டி, கழட்டி கிரீஸு வெச்சேன். நானும் பாக்கறேன் நானும் பாக்கறேன்னு வந்து டப்பாவுக்குள்ள கைய விட்டுருச்சு. ஒரு கை முழுக்க. வேஸ்ட்டுத் துணில தொடச்சேன். கிரீஸு தொடச்சாப் போகுமா? ஓரத்துல ஒட்டிட்டேதான் இருக்கும். சுண்டு விரல்ல மட்டும் ஒட்டல, ஏன்னா அதுல கட்டு போட்டிருந்துச்சு. முந்தின நாள் பஸ் கதவுல நசுக்கிருச்சு, அவங்கம்மா பழைய துணியக் கிழிச்சுப் பெருசா உருண்டையாக் கட்டி விட்டிருந்தா. அந்த வெரல மட்டும் எதுலயும் படாமத் தூக்கித் தூக்கி வெச்சுக்கும். அப்படித் தூக்கிட்டேதான் கல்லுலயும் வெச்சிருக்கு.

ஆமா தங்கச்சி. என் பொண்ணு.

பெத்தவங்க எங்க பராக்குப் பாத்துட்டு நின்னாங்களோன்னு அவரு கேக்கும்போதெல்லாம், பக்கத்துலதான்யா நின்னேன்னு வாய் வரைக்கும் வரும். லைட்ட அணைச்சப்போ ஒரு கை என் கைல இருந்துச்சு. கடைசி வரைக்கும் விடவே இல்ல. பயத்துல இன்னொரு கையால எதையோ பிடிச்சிருக்கு, அவ்வளவுதான். என்கிட்ட இருந்த கை போயிருச்சு. அந்த வருஷ மழைல காய்ச்சல் வந்துச்சு, ஆஸ்பத்திரில வெச்சிருந்தோம், திரும்பிக் கூட்டிட்டு வரல. கல்லுல வெச்ச கைதான் இருக்கு.

வீட்ல இங்க வரமாட்டா. ஒரு தடவ கூப்பிட்டேன், என்னால ஆகாதுன்னுட்டா. ஆனா நான் இந்த டிரிப்பு போயிட்டு வந்தா, சோத்தப் போட்டுட்டு எதிர்ல உக்காந்து, இன்னைக்கு நம்ம புள்ள என்ன திட்டு வாங்குச்சும்பா. நான் சொல்லுவேன். வானரம்னாரு, ஒரு பெரியம்மா முதுகுல ரெண்டு போடணும்னு சொல்லுச்சுன்னு சொல்லுவேன். அப்படியா சொன்னாங்கன்னு கேப்பா. மொகம் கொஞ்சம் தெளிஞ்சாப்ல இருக்கும். தெருவுல மத்த அம்மாக்கெல்லாம் புள்ளைங்க மேல புகார் வருதுல்ல, இவளுக்கும் வருது. இன்னைக்குப் போய் நான் என்ன சொல்றது? கழுவிட்டாங்கன்னா?

உங்க வேலைக்கு நான் எதிரி இல்ல. பாசி பூரா எடுங்க. அந்தக் கல்லுலயும் சுத்தி நல்லாத் தேய்ங்க. கைடு வளராதுங்கறாரு, ஆனா அந்தக் கை மேல இப்பவே கண்ணாடி மாதிரி லேசாக் கல்லு படிய ஆரம்பிச்சிருச்சு, ஓரத்துலருந்து வருது, டார்ச்சு அடிச்சுப் பாத்தாத் தெரியும். நாம ஒண்ணும் பண்ண வேணாம். கல்லே மூடிக்கும். மெதுவா மூடட்டும். உங்க சூப்பர்வைசர் கேட்டா, தேய்ச்சுப் பாத்தேன், போகலன்னு சொல்லுங்க. கிரீஸுக் கறை போகாதுன்னு எந்த டிரைவரக் கேட்டாலும் சொல்லுவான்.

அதோ வராங்க. என் ஜனங்கதான், எல்லாம் கண்ணச் சுருக்கிட்டு வருதுங்க பாருங்க. நீங்க போங்க, இல்லன்னா வாச்மேன் கதவ மூடிருவாரு. என்ன? பிரஷ்ஷா? அட, ஆமா, இவ்வளவு நேரம் என் கைலயே இருக்கு. இந்தாங்க. இல்லம்மா, விட்டுட்டேன், பிடிங்க.

தங்கச்சி, ஒரு நிமிஷம். அந்த நாலாவது விரலுக்கு அடுத்தாப்ல வெறும் வெள்ளையா ஒரு எடம் இருக்கும், ஒண்ணுமே இல்லாத மாதிரி. அந்த எடத்தையும் தேய்க்காதீங்க. அவளுக்கு அஞ்சு விரலும் இருந்துச்சு.