ஒரு கூரைக்கு ஒரு பிள்ளைத்தாய்ச்சி

வடிவு: ஏட்டி முப்பிடாதி, அருவியில குளிக்கணும் குளிக்கணும்னு அச்சன்புதூர்ல இருந்து வந்து என்னையும் இழுத்துட்டு வந்துட்டு, இப்ப பாறையில சம்மணம் போட்டு உக்காந்தா எப்படி?

முப்பிடாதி: நீ குளி. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்.

வடிவு: நல்லா இருக்கே கதை! சின்னதுல ஒன்ன இந்தத் தண்ணிய விட்டு வெளிய இழுக்க முடியாம எங்க அம்மை கம்பு எடுத்துட்டுல்லா வருவா.

முப்பிடாதி: ஆமா… அஞ்சருவியில ஆளுக்கு ஒண்ணுன்னு நாம பாகம் பிரிச்சு வச்சிருந்தோம்.

வடிவு: பெரிய அருவி ஒனக்கு.

முப்பிடாதி: நான் அழுதேன், நீ விட்டுக் குடுத்த.

வடிவு: அழுதியா? கடிச்சுல்லா வச்ச! இங்கன பாரு, முழங்கைக்குக் கீழ… தடம் இன்னும் இருக்கு.

முப்பிடாதி: போ, அது கொசு கடிச்சதா இருக்கும்.

வடிவு: கொசுவுக்குப் பல்லு வேறயா?

முப்பிடாதி: கீழப்பாவூர்ல வண்டி கட்டி இங்கன வந்து சேரதுக்குள்ள புளிச்சோறு பாதியாயிரும். எல்லாம் ஒன் வேலை. ஒங்க அம்மை ஒரு கை நல்லெண்ணெய எடுத்து நம்ம உச்சியில தப்புன்னு வப்பா… கண்ணெல்லாம் எரியும்… எவ்வளவு நல்லா இருந்துச்சு, இல்லட்டி?

வடிவு: ம்… நல்லாத்தான் இருந்துச்சு. அது சரி, ஒன் மொகம் ஏன் இப்படி வெளுத்திருக்கு? காலையில வச்ச இட்லியையும் தொடல. ஒன் வீட்டுக்காரரு நல்லகண்ணு அண்ணாச்சி கூட சண்டையா?

முப்பிடாதி: சண்டை போட்டிருந்தா எனக்கு இந்த நெலமை வந்திருக்குமா…

வடிவு: என்ன நெலமை? … ஏட்டி… நிமிந்து பாரு… எத்தன மாசம்?

முப்பிடாதி: மூணு முடிஞ்சு நாலு.

வடிவு: ஆத்தாடி! போன மாசியில சனக்கணக்கு எழுத வந்தவன்கிட்ட வயசு முப்பத்தாறுன்னு சொன்னியாமே. அவன் எழுதுனது சரிதான் போலருக்கு.

முப்பிடாதி: சிரிக்காத வடிவு. நாப்பத்திமூணு. ஒனக்குத் தெரியாதா?

வடிவு: இருந்தா என்ன? நாப்பதுக்கு மேல பெக்காதவ யாரு இருக்கா? எங்க தெருவுல மட்டும் இந்த வருசம் மூணு பேரு. வாத்தியார் சம்சாரத்துக்கு நாப்பத்தஞ்சு. சுல்தான் பீவி ரெட்டைப் பிள்ளையப் பெத்து, இடுப்புக்கு ஒண்ணா வச்சுக்கிட்டுத் திரியுதா. அவளுக்கு என்ன வயசுங்குத?

முப்பிடாதி: அவங்களுக்கெல்லாம் கட்டிக் குடுத்த மவ வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்கலல்லா? எம் மவ மாடத்திக்கு இது ஆறாம் மாசம்.

வடிவு: ஓ… தலைப்பிரசவம்.

முப்பிடாதி: வார மாசம் சுரண்டையில வளைகாப்பு. வளையலப் போட்டு வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும். ஒரு கூரைக்குக் கீழ ரெண்டு பிள்ளைத்தாய்ச்சி ஆகாதுன்னு ஒனக்கே தெரியும். எனக்கு இப்படின்னு தெரிஞ்சா அவ மாமியா அனுப்புவாளா? பெத்தவ உசுரோட இருக்கையில, எம் மவ தலைப்பிள்ளைய யார் வீட்டுல பெப்பா?

வடிவு: அதுக்கு என்ன செய்யலாம்ங்குத?

முப்பிடாதி: நான் குளிக்க வரல வடிவு.

வடிவு: பின்ன?

முப்பிடாதி: இங்கன மலை அடிவாரத்துல ஒரு கிழவி… வேர் தாராளாம். மூணே நாள்ல எல்லாம் சரியாயிருமாம். தனியா போகப் பயமா இருக்கு. நீ கூட வா.

வடிவு: வேண்டாம்னு முடிவு பண்ணுனவ அருவிக்குப் பயந்து ஏன் ஒதுங்கி உக்காந்திருக்க?

முப்பிடாதி: தண்ணி இந்தப் போடு போடுது… இடுப்புல கிடுப்புல விழுந்துட்டா…

வடிவு: விழுந்துட்டா என்ன?

முப்பிடாதி: முந்தாநாள் நெல்லு பொடைச்சுக்கிட்டு இருந்தேன். உள்ளுக்குள்ள மெதுவா… ஒரு அசைவு. சொளக அப்படியே வச்சிட்டு உக்காந்துட்டேன் வடிவு. சந்தோசமா இருந்துச்சு. இத யாருகிட்ட போய்ச் சொல்ல?

வடிவு: அழாத. நான் சொல்லுதத கேளு. மாடத்திய எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வா. நானும் அவளுக்கு ஒரு அம்மைதான். பேறுகாலம் நான் பாக்கேன். நீ ஒங்க வீட்டுல இரு. கூரையும் ரெண்டாச்சு.

முப்பிடாதி: அவ வர மாட்டா.

வடிவு: ஏன்? அவளுக்குத் தெரியுமா?

முப்பிடாதி: தெரியும். பலகாரம் கொண்டுக்கிட்டு சுரண்டைக்குப் போயிருந்தேன்லா, கண்டுபிடிச்சுட்டா. "பேரன் எடுக்குத வயசுல ஒனக்கு வெக்கமா இல்லையா"ன்னு கேட்டா. நான் பெத்த பிள்ளை… கதவச் சாத்திக்கிட்டா. அப்புறம் அவளே வெளிய வந்து இந்தக் கிழவி இருக்க எடத்தச் சொன்னா.

வடிவு: அவளேயா சொன்னா?

முப்பிடாதி: அவளேதான். சின்னப் பிள்ளை, மாமியா வீட்டுல தல நிமிந்து இருக்கணும்லா… அவளக் குத்தம் சொல்லாத. இப்ப ஒங்க அம்மை இருந்தா அவ மடியில போய் விழுந்திருப்பேன். பாழாப்போன விசக்காய்ச்சல், நாலே நாள்ல கொண்டுட்டுப் போயிருச்சு. ஏழு மாச வயித்தோட நீ தலைமாட்டுல நின்ன… ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. ஊரெல்லாம் நெஞ்சழுத்தக்காரின்னு பேசுச்சு. நான் எல்லார்கிட்டயும் சண்டைக்குப் போனேன், தெரியுமா?

வடிவு: தெரியும்.

முப்பிடாதி: சரி, சாரல் கூடுததுக்குள்ள போயிட்டு வந்துருதேன். நீ வரலைன்னா இங்கனயே இரு.

வடிவு: உக்காருட்டி. நீ எங்கயும் போவாண்டாம். நாளைக்கு நான் சுரண்டைக்கு பஸ் ஏறுதேன், மாடத்திகிட்ட நான்தான் பேசணும். விசக்காய்ச்சல்னு ஊருக்குச் சொன்னது எங்க அப்பா. அப்ப எனக்கு ஏழு மாசம்… எங்க அம்மைக்கு நாலு. "எம் மாமியா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்"னு குதிச்சேன். அவ ஒண்ணும் சொல்லல, என் தலையத் தடவிக் குடுத்தா. வேர் வாங்கிட்டு வந்து, அரைச்சு, கிண்ணத்துல ஊத்தி அவ கையில குடுத்தது நாந்தான்.