ஆடிக்கு அழைத்த பினாங்குச் செடி

பெருமதிப்பிற்குரிய தலைவர் இராமலட்சுமி அம்மாள் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தென்காசி மாதர் சங்கத்துச் சகோதரிகளே, குற்றாலத்திலிருந்து சாரலில் நனைந்து வந்தவர்களே, கீழப்பாவூரிலிருந்து வெயிலில் வியர்த்து வந்தவர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

ஒரே கூட்டத்துக்குப் பாதிப் பேர் நனைந்தும் பாதிப் பேர் வியர்த்தும் வந்து சேருவது நம் பக்கத்தில்தான் நடக்கும். நம் சங்கத்தின் துணைத் தலைவர், மருத்துவச்சி குழல்வாய்மொழி அம்மையார், நம்மிடையே வாழ்ந்த எட்டு வருஷமும் இந்த நனைந்த ஊருக்கும் காய்ந்த ஊருக்கும் நடுவில் அலைந்தவர்கள். போன வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அந்த அலைச்சல் நின்றுவிட்டது. சங்கத்தின் காரியதரிசி என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள். மேடை எனக்குப் பழக்கமில்லை. தெரிந்ததைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

அம்மையாரின் கையில் பிறந்த பிள்ளைகள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? மடியில் தூங்குகிறவர்களையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். வண்டி அனுப்பினால் வண்டியில் வருவார்கள். வண்டி வராவிட்டால் நடந்து வருவார்கள். எந்தத் தெரு, என்ன சாதி, யார் வீடு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. தண்ணீர் கொதிக்கிறதா என்று மட்டும்தான் கேட்பார்கள்.

பினாங்குக்கு எதிர்க்கரையில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் அவர்கள் வேலை பார்த்தார்கள். ரப்பர் விலை விழுந்த சமயத்தில் கணவரை அங்கே இழந்தார்கள். தம்பி வீடு குற்றாலத்தில் இருந்ததால் அங்கே வந்து சேர்ந்தார்கள். கப்பலில் அவர்களோடு வந்தவை ஒரு தகரப்பெட்டியும், வாழைச்சருகில் சுற்றிய ஐந்து செடிகளும். கணவர் தம் கையால் வேலியோரம் வளர்த்த செடிகள் அவை. பென்சில் பருமனில் உருண்டு நீண்ட இலை. வேர் மண்ணுக்குள் போகாமல் காற்றில் தொங்கும். புத்தகங்களில் ஆர்க்கிட் என்று படித்திருக்கிறேன். நம் தெருவில் அதற்கு வேறு பெயர் கிடைத்தது.

"புல்லுருவியைப் போயி கப்பல்ல ஏத்திக் கொண்டாந்திருக்காளே."

இதைச் சொன்னது நம் தலைவர் அவர்கள்தான். அப்போது அவர்கள் பக்கத்து வீடு. சொல்லலாம் என்று எனக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள்.

நம் மலையில் மரக்கிளைகளிலும் ஆர்க்கிட் உண்டு. அது நிழலில், பாசியில், ஈரத்தில் வளருவது. அம்மையாரின் செடி அந்தச் சாதி இல்லை. உச்சிவெயிலில் நின்றால்தான் அது பூக்கும். குற்றாலத்திலோ பங்குனி, சித்திரை வெயிலைக் குடித்து அது மொட்டு விடுகிற நேரம் பார்த்து ஆனி பிறக்கும். மலையில் மேகம் இறங்கும். நமக்கு அது குளுகுளு என்று இருக்கும். எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் குளிக்க வருவார்கள். வெயில் நாட்டுச் செடிக்கு அது நடுக்கம். முதல் வருஷம் மொட்டுகள் எல்லாம் கறுத்து உதிர்ந்தன.

அம்மையார் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு மருத்துவச்சி என்ன செய்வாளோ அதைச் செய்தார்கள். செடிகளை ஓர் அறைக்குள் வைத்து, சன்னலை அடைத்து, கரியடுப்பு மூட்டி, சாம்பிராணிப் புகையும் போட்டார்கள். குளிரில் பிறந்த பிள்ளையைக் காப்பாற்றிய கை அல்லவா? புகை வாசம் கண்டு நம் தலைவர் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

"என்ன மதினி, வீட்டுல யாருக்குப் பிள்ளை பெறந்திருக்கு?"

"அஞ்சு பிள்ளை. ஒண்ணும் அழ மாட்டேங்கு, அதான் பயமா இருக்கு."

செடிகள் சாகவில்லை. இலை கரும்பச்சையாகத் தளதளவென்று வளர்ந்தது. பார்க்கிறவர்கள் மெச்சினார்கள். ஆனால் இரண்டு வருஷம் ஒரு மொட்டுகூட வரவில்லை. அது கேட்டது வெளிச்சம். அம்மையார் கொடுத்தது சூடு. "நான் குளிரோட சண்டை போட்டேன், சண்டை இருட்டோட இருந்திருக்கு" என்று பிறகு என்னிடம் சொன்னார்கள். தம் தவறை அப்படிச் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்?

அதற்கடுத்த ஆடியில் கீழப்பாவூரில் குருவம்மாள் அக்காவுக்குப் பிரசவம். தலைப்பிள்ளை, ஆண் குழந்தை. கையைக் கழுவ முற்றத்துக்கு வந்த அம்மையார் கண் கூசி நின்றார்களாம். குற்றாலத்தில் பல நாளாகச் சூரியனே இல்லை; சில மைல் கிழக்கே வெயில் கொளுத்துகிறது. அடுத்த தடவை பிள்ளையைப் பார்க்கப் போனபோது மடியில், மண்ணுக்குப் பதில் கரித்துண்டு போட்ட ஒரு செடித் தொட்டியும் போயிற்று.

"இது என்ன ஆச்சி?" என்று குருவம்மாள் கேட்டிருக்கிறார்கள்.

"என் மருமவ. குத்தாலம் அவளுக்குப் புகுந்த வீடு. ஆடிக்கு அம்மா வீட்டுக்கு அனுப்பணும்லா? நீதான் அம்மா."

"நல்ல கதையா இருக்கே. இப்பதான் ஒண்ணு பெத்திருக்கேன். அதுக்குள்ள கட்டிக்குடுத்த பொண்ணுமா?"

அவர் கணவர் நல்லக்கண்ணு அண்ணாச்சி, "பொண்ணுக்குத் திங்க என்ன குடுக்கணும்?" என்று கேட்டிருக்கிறார்.

"வெயிலு. காலையில ஒரு கை தண்ணி. வேரு வெளிய கிடக்கே, பாவம்னு மண்ணுல மட்டும் நட்டுராதிய."

அந்தச் செடி அங்கே பூத்தது. ஊதா நிறம். பார்க்கப் பக்கத்துத் தெருவே வந்ததாம். ஆவணி பிறந்ததும் தொட்டிக்குக் குங்குமம் வைத்து, ரவிக்கைத் துணி சுற்றி, ஒரு தூக்குவாளி அதிரசத்தோடு அனுப்பினார்கள். அம்மையார் அதிரசத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, "சம்பந்தி வீட்டுச் சீர் கொஞ்சம் குறையுது" என்று சொல்லி அனுப்பினார்கள். மறு வருஷத்திலிருந்து குத்துக்கல்வலசையிலும் வீடுகள் கிடைத்தன. எல்லாம் அவர்கள் பிரசவம் பார்த்த வீடுகள். ஆனி கடைசியில் சங்கிலிப்பாண்டி வண்டியில் ஐந்து மருமக்களும் தாய்வீடு போவது நம் வட்டாரத்தில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

பூத்தது எல்லாம் பிறர் வீட்டு முற்றத்தில். திரும்பி வருகையில் காம்புதான் மிஞ்சும். அம்மையார் வண்டி ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். போன வருஷம் கால் வீங்கியது. இந்த வருஷம் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. நானும் சங்கத்துப் பெண்கள் சிலரும் முறை வைத்துப் பக்கத்தில் இருந்தோம். ஒரு நாள் மத்தியானம், வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தபோது சொன்னார்கள்:

"அவுக வச்ச செடி இந்த வீட்டுல பூத்து நான் ஒரு நாளும் பாக்கலை. குருவம்மா வீட்டுல பூத்திருக்காம். எடுத்துட்டு வரச் சொல்லு. ரெண்டு நாள்ல உதிர்ந்தாலும் சரி, படுத்த இடத்துல இருந்து பாத்துக்கிடுதேன்."

வண்டி போயிற்று. சாயங்காலம் வெறும் வண்டியாகத் திரும்பியது.

"எங்கலே?" என்று கேட்டார்கள்.

சங்கிலிப்பாண்டி தலையைச் சொறிந்தான். "அவிய தர மாட்டேங்காவ ஆச்சி. ஆடியில பொண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புவாகளா, ஊரு என்ன சொல்லும்னு கேக்காவ. ஆவணி ஒண்ணாந்தேதி மேளத்தோட கொண்டாந்து விடுதோம், ஆச்சிய அதுவரைக்கும் பொறுத்துக்கிடச் சொல்லுன்னு சொன்னாவ."

அம்மையார் சிரித்தார்கள். இருமல் வந்து நிற்கும்வரை சிரித்தார்கள். "நான் சொல்லிக் குடுத்ததைத்தான சொல்லுதா. சரியாத்தான் சொல்லுதா" என்றார்கள். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "ஆவணி என்னைக்குப் பிறக்கு?" என்று கேட்டார்கள்.

சொன்னோம். அதற்குப் பிறகு அவர்கள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சங்கிலிப்பாண்டியை மறுபடி அனுப்ப எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. விளையாட்டை இரண்டு பக்கமும் அத்தனை அழகாக ஆடினார்கள். அதற்குள் ஒரு வேண்டுகோள் இருந்தது கண்ணில் படவில்லை. ஆவணி வருவதற்குள் அவர்கள் போய்விட்டார்கள்.

குருவம்மாள் அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். "நாந்தான் பாவி" என்று மூன்று நாளாக அவர்கள் சோறு தின்னவில்லை என்று கேள்விப்பட்டேன். அக்கா, சபையில் வைத்துச் சொல்கிறேன். அம்மையாருக்கு உங்கள் மேல் ஒரு குறையும் இல்லை. வேறு யாராவது என்றால் செடிதானே என்று தூக்கிக் கொடுத்திருப்பார்கள். நீங்கள் அதை மகளாக நினைத்தீர்கள். அப்படி நினைத்ததனால்தான் அது உங்கள் முற்றத்தில் பிழைத்தது. அதனால்தான் அம்மையார் பார்க்காமலும் போனார்கள். இந்த இரண்டையும் எப்படிப் பிரிப்பது? எனக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தேன், பிரிக்க முடியவில்லை. அன்பில்லாமல் செய்த பிழை என்றால் கோபித்துக்கொண்டு விட்டுவிடலாம். இது அப்படி இல்லை. இது நம்மோடு இருக்கும்.

அம்மையாரின் தம்பி, ஐந்து செடிகளையும் சங்கத்திடம் ஒப்படைப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஏற்றுக்கொள்கிறோம். வருஷா வருஷம் ஆனியில் அவை கிழக்கே போகும். அவர்கள் பிரசவம் பார்த்த வீடுகளுக்கே போகும். குங்குமம் வையுங்கள், அதிரசம் அனுப்புங்கள், சம்பந்திச் சண்டையும் போடுங்கள். ஒன்று மட்டும் இந்தச் சபையின் முன்னால் உறுதி சொல்வோம். படுக்கையில் இருக்கும் யாராவது பூவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால், ஆடி என்றாலும், செவ்வாய், வெள்ளி என்றாலும், மழை என்றாலும், அன்றைக்கே கொண்டு போவோம். நாளைக்கு என்று சொல்ல மாட்டோம்.

இன்னும் ஒரு செய்தி. ஆடி இன்னும் முடியவில்லை. ஆனால் குருவம்மாள் அக்கா இன்று வெறுங்கையோடு வரவில்லை. மண்டபத்துக்கு வெளியே வண்டியில் பூத்த செடி இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் அதைக் குற்றாலத்துக்குக் கொண்டு போய், அந்தக் கட்டிலுக்கு நேரே தொங்கவிடப் போகிறோம். சாரலில் அது இரண்டு நாள் நிற்கும், அல்லது நிற்காது. பார்க்க வேண்டியவர்கள் அங்கே இல்லை. இருந்தாலும் அவர்கள் கேட்டது கேட்ட இடத்துக்குப் போய்ச் சேரட்டும். வர விரும்புகிறவர்கள் எங்களோடு நடந்து வரலாம்.