இருட்டுல தூங்கணுமாம்

…இருட்டுல தூங்கணுமாம் நைனா. இதச் சொல்றதுக்கு அடையார்ல ஒரு டாக்டரம்மா, அதுக்கு ஏசி ரூமு, கண்ணாடிக் கதவு. நீ உக்காரு, அந்த ஸ்டூல்ல உக்காரு. பின்னால செவுத்துல ஒரு சுவிட்சுப் பொட்டி கீது பாரு, அது மேல மட்டும் கைய வச்சிடாத. ஏன்னு அப்பால சொல்றேன்.

உங்க வூட்டு வளைகாப்புக்கு சீரியல் செட்டு வேணும், அதான? போட்டுடலாம். மேற்கு மாம்பலத்துல இந்தக் கதிரேசன் லைட்டு எரியாத விசேசம் ஏது? கோயிலு, கட்சி, காதுகுத்து… ஊரான் வூட்டு வளைகாப்புக்கெல்லாம் நாந்தான் வெளிச்சம் குடுக்குறேன். என் வூட்டுல ஒரு தொட்டில் கட்டல. புள்ளைக்குக் கல்யாணம் ஆயி அஞ்சு வருசம் ஆவுது.

மொதல்ல மருமவளத்தான் குத்தம் சொன்னேன். கீர்த்தின்னு பேரு. நல்ல பொண்ணு, இன்னா, கொஞ்சம் படிச்சிட்டுது. எனக்கு எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு மாமா, உங்க புள்ளைக்கும் எடுக்கலாம்னுது. நானும் பெரிய மனசு பண்ணி சரின்னேன். பாத்தா கோளாறு டில்லிபாபு கிட்டயாம். உயிரணு கொறச்சலாம், இருக்குறதும் நீந்த மாட்டேங்குதாம். நான் பெத்த புள்ளைக்கு.

சரின்னு நானும் கூடப் போனேன். டாக்டரம்மா கேக்குது: சிகரெட்டு உண்டா, தண்ணி உண்டா, லேப்டாப்ப மடியில வச்சிக்கிறியா… எல்லாத்துக்கும் இல்ல, இல்ல, இல்ல. அத்தோட வுட வேணாமா? படுக்குற ரூம்ல வெளிச்சம் எப்பிடின்னுச்சு. இவன் வாயத் தொறக்குறதுக்குள்ள நானே சொல்ட்டேன், நான் லைட்டு கடைக்காரம்மா, எனக்குத் தெரியாதா, அந்த ரூம்ல ஒரு ஜீரோ வாட் பல்பு கூட எரியாதுன்னு. டில்லி கீர்த்திய பாத்தான். கீர்த்தி தரையப் பாத்துது.

மெலட்டோனின்னு ஒண்ணு கீதாம் நைனா. ராத்திரி இருட்டுனாத்தான் ஒடம்பு அத சொரக்குமாம். உயிரணு கெட்டுப் போவாம அது காவல் காக்குமாம். வெளிச்சம் பட்டா கம்மியாயிடுமாம். ஊர்ல வாட்ச்மேன் லைட்டு போட்டுக்கினு காவல் காப்பான். இந்த வாட்ச்மேனுக்கு லைட்டே ஆவாதாம், இன்னா ஒரு துரை! அப்ப மாத்திரையா எழுதிக் குடும்மான்னேன். அதுக்கு, 'இன்னும் ஆராய்ச்சி நடக்குது, இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன், மொதல்ல நல்ல இருட்டுல தூங்கட்டும்'னுது. லைட்டால சோறு துன்ற குடும்பம், லைட்டக் குத்தம் சொல்லி அனுப்புது.

எங்க வுட்டேன்… ஆங், கீர்த்தி. போன வருசம் அது ஜன்னல்ல போர்வைய மாட்டுச்சு. பச்சப் பச்சையா கண்ணு கூசுது மாமான்னுது. நான் அவுத்துப் போட்டேன். அம்மன் வெளிச்சத்தையே மறைச்சா புள்ள எங்கேருந்து வரும்? டில்லி காலையில கண்ணு செவந்து எழுந்து வருவான், அவ்ளோதான்.

எந்த அம்மனா? தோ, வெளிய வந்து மேல பாரு. எல்இடி போர்டுல பச்சை அம்மன். நானே வளைச்சி, நானே ஒயர் இழுத்தது. புள்ளைக்கு ஒரு புள்ள பொறக்குற வரைக்கும் இத என் கையால அணைக்க மாட்டேன்னு ஆத்தாகிட்ட வேண்டிக்கினேன். மூணு வருசமா ராப்பகலா எரியுது. கரண்டு போச்சுன்னா இன்வர்ட்டர். இன்னா அப்பிடி பாக்குற? ஆமா, கடைக்கு மேலதான் வூடு, அதான் அவங்க ரூம் ஜன்னலு. அருள் நேரா அவங்க மேலயே வுழட்டும்னுதான் அங்க மாட்டுனேன்…

…

சிரிக்காத நைனா.

புள்ள பொறந்தாத்தான் அணைக்கணும். அணைச்சாத்தான்… அடக் கடவுளே, மூணு வருசம். டாக்டரம்மா முன்னால கூட ரெண்டு பேரும் ஒரு வார்த்த சொல்லலியே. சொன்னா மட்டும் நான் கேட்டுக் கிழிச்சிருப்பேன்.

நைனா, உள்ள வா. என் கையாலன்னுதான வேண்டிக்கினேன்? அந்தப் பொட்டிய தொற. செவப்பு சுவிட்சு. நான் அந்தாண்ட திரும்பிக்கினேன்… நீ கை வை.