சாய்ச்சு வெச்ச தகரம்

படம் எடுக்க சம்மதம்னு கையெழுத்து அப்புறம் போடறேம்மா, அது எங்க ஓடிடப் போகுது. கேமராவ அந்த பெஞ்சு மேல வெச்சுட்டு உக்காருங்க. எண்ணெய் ஒட்டாது, துடைச்சுதான் வெச்சிருக்கேன்.

தொழிலாளி மூளைன்னு எழுதி என் படத்த சுவத்துல மாட்டப் போறீங்களா? நல்லாருக்கு. இருபத்தாறு வருஷமா எங்களுக்குக் கை மட்டுந்தான் இருக்குன்னு நெனச்சாங்க. இப்பவாவது கழுத்துக்கு மேல பாத்தாங்களே.

உங்களச் சொல்லல. நீங்க ஆபீசுக்கு வந்தே மூணு மாசந்தானே ஆகுது.

அந்தத் தகரமா? பெருசா ஒண்ணுமில்ல. இங்க டப்பா மூடி செய்யறோம்ல, மூடிக்கு அடியில ஒரு ரப்பர் வளையம் வரும். மிஷினு சில சமயம் வளையம் போடாமலே தள்ளிவிட்டுரும். அதப் பொறுக்க ஆறு பொம்பளைங்க. எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டே ஒவ்வொரு மூடியா திருப்பிப் பாக்கணும். சாயங்காலம் கண்ணெல்லாம் செவந்து கெடக்கும். எஞ்சினியருங்க ஏதோ கேமரா கொண்டாந்து ஏழு மாசம் நோண்டினாங்க. ரப்பரும் கருப்பு, நெழலும் கருப்பு, அதுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது.

அப்புறந்தான் இந்தத் தகரம். சாய்ச்சு வெச்சு மேல இருந்து மூடிய விட்டா, ரப்பர் இருக்கறது பிடிச்சுப் பிடிச்சு எறங்கி இந்தப் பெட்டில விழும். இல்லாதது வேகமா வழுக்கிட்டு வந்து இந்தப் பெட்டியத் தாண்டி அந்தப் பெட்டிக்குப் போயிரும். பத்து வருஷமா ஓடுது.

என்னை சூப்பர்வைசர் ஆக்கினாங்க. அந்த ஆறு பேர்ல ஒருத்தி போதும்னாங்க. மொதல்ல யார அனுப்பினாங்க தெரியுமா? என் சம்சாரத்த. ஆமா, அவளும் அந்த ஆறுல ஒருத்தி. வீட்டுல நீ ஒருத்தன் சம்பாதிக்கறது போதாதான்னு தோளத் தட்டிக் கேட்டாரு மேனேஜர். மத்த நாலு பேரும் எங்க தெருதான். இவ குழாயடிக்குப் போனா எந்திரிச்சுப் போயிருவாங்க. உம் புருஷன் மூளை எங்க சோத்தத் தின்னுருச்சுடின்னு ஒருத்தி மூஞ்சிக்கு நேராவே சொன்னா. இவ கொடத்தத் தூக்கிட்டு வந்துட்டா. போன வருஷம் இவ செத்துப்போனா. அப்பவும் ஒருத்தியும் எட்டிப் பாக்கல.

இல்லம்மா, தண்ணியெல்லாம் வேணாம்.

எப்படித் தோணுச்சுன்னு எழுதணுமா? எழுதிக்குங்க. எங்க வீட்டுல பாத்திரம் கழுவுற மேடை கொஞ்சம் சாய்வு. கழுவிக் கவுத்த டப்பா மூடிங்கள்ல, வளையம் கழண்டது மட்டும் வழுக்கித் தொட்டில விழுந்துச்சாம். அவதான் பாத்தா. மேடையில நாலஞ்சு மூடிய விட்டு எனக்கும் காட்டினா. இப்படி ஒண்ணு வெச்சா நாங்க ஆறு பேரும் மாத்தி மாத்திக் கொஞ்சம் உக்காருவோங்க, கண்ணாவது தப்பிக்கும், எழுதிக் குடுங்கன்னா.

எழுதினேன். கம்பெனி குடுக்கற யோசனைச் சீட்டுல கடைசியா ஒரு கட்டம் இருந்துச்சு, இதனால கம்பெனிக்கு என்ன லாபம்னு. அவ சொன்னத எழுதினா எவன் படிப்பான்? அஞ்சு ஆளக் கொறைக்கலாம்னு எழுதினேன். அந்த வரிய அவகிட்ட காட்டல.

அது மட்டுந்தாம்மா என் சொந்த யோசனை. அதுக்கு வேணா படம் எடுத்துக்குங்க.