பூ வாடினதும் சிரித்தவள்

தோவாளை தாண்டியதும், யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய அந்தப் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் பின்னால் போய் அடுப்பைக் கிண்டிக்கொண்டிருந்தார். எனக்கு முன்சீட்டில் ஓர் அக்காவும் தங்கையும். தங்கைக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து எட்டிப் பார்ப்பதும் உட்காருவதுமாக இருந்தாள்.

"தலையில பூ வாடின பொறவுதான் அவ சிரிச்சாளாம், அக்கா."

"யாருட்டி?"

"கோயில் கொடையில வில்லுக்காரர் பாடுனாருல்லா, அந்த தேவகன்னி. சாவே இல்லாதவ, மனுசனைக் கெட்டுனா. அதுவரை வாடாத தலைப்பூ மறுநாளே வாடிச்சு. இனி நானும் இவரு மாதிரி சாவேன்னு சிரிச்சா."

"அது கதை மக்கா. உனக்குப் பாத்த பையனுக்கு ஆயுசு கொறவுன்னு ஜோசியர் சொல்லியாச்சு. வடசேரியில இன்னொருத்தரைக் கேப்போம். அவரும் அதையே சொன்னா விட்டிரணும்."

"எனக்கு அவருதான் வேணும்."

"ஆயுசு பாக்காம எப்படிட்டி கெட்டிக் குடுக்க?"

"உனக்குப் பாத்தாவளே. அத்தானுக்கு எவ்வளவு சொன்னாவ?"

"தொண்ணூறு."

பஸ் உறுமிக் கிளம்பியது. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெகுதூரம் போன பிறகு, திரும்பாமலே சொன்னாள்.

"ஜோசியர்ட்ட போவாண்டாம் மக்கா. அத்தான்கூட நான் எண்ணி எண்ணித் தள்ளுத அந்தத் தொண்ணூறுல பாதிகூட எனக்கு இன்னும் கழியல்ல."