பக்கத்து இருக்கை

புதிதாக மாற்றிய கியர் லீவர் முதலில் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும். நாளாக நாளாகப் பழகிவிடும் என்று வண்டி கொடுத்தவர்கள் எல்லோரிடமும் சொல்லி அனுப்புவேன். யாரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை ஐயா. மாப்பிள்ளையின் வண்டியிலும் அதே அக்கறையோடுதான் வேலை பார்த்தேன்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். தங்கமான மனிதர். குடி கிடையாது, அவளை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. வேகம் ஒன்றுதான் அவருக்குப் பைத்தியம். பார்த்துப் பார்த்து வாங்கிய பந்தய ரக வண்டி. அதன் லீவர் நீளம், கியர் மாற்றுவதற்குள் கொட்டாவி வருகிறது என்று கடைக்கு வந்து புலம்புவார். குட்டையான லீவர் போட்டால் மணிக்கட்டை அசைத்தாலே கியர் விழும். போட்டுத் தருகிறேன், போட்டுத் தருகிறேன் என்று நானும் இழுத்தடித்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் அவருக்கு வெகு தூரத்தில் ஓர் ஊரில் வேலை கிடைத்தது. தங்கையையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். அவளும் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாள். அப்பா அம்மா போன பிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டதிலிருந்து கல்யாணம் பண்ணிக்கொடுத்தது வரை எல்லாம் நான்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மனசு விட்டுப்போயிற்று. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மறுநாளே வண்டியைக் கொண்டுவரச் சொன்னேன்.

லீவர் தானாக நடுவில் வந்து நிற்பதற்கு உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங் உண்டு. அதில்தான் கை வைத்தேன். மெதுவாக ஓட்டினால் ஒரு வித்தியாசமும் தெரியாது. நல்ல வேகத்தில் ஐந்திலிருந்து நான்குக்கு வெடுக்கென்று இழுத்தால் மட்டும், நான்கைத் தாண்டி இரண்டில் போய் விழும். அந்த வேகத்தில் இரண்டாம் கியர் விழுந்தால் பின்சக்கரங்கள் இறுகிக்கொள்ளும். அப்புறம் வண்டி யார் பேச்சையும் கேட்காது. நொறுங்கிக் கிடந்த வண்டிக்குள் அந்த ஸ்பிரிங்கைத் தேடிப் பிடித்த உங்கள் போலீஸ் ஆள் கெட்டிக்காரர். அப்படி ஒருவர் என் கடைக்குக் கிடைத்திருக்கலாம்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்த வண்டியின் முதல் ஓட்டத்தில், வேலை பார்த்தவன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போக வேண்டும். அப்போதுதான் கையில் பொறுப்பு இருக்கும். நான் வைத்த சட்டம்தான் அது. அன்று தங்கையும் கூட வந்திருந்தாள்.

“என்ன மச்சான், ஏறலையா? நீங்க இல்லாம முதல் ஓட்டமா?”

“வேலை தலைக்கு மேல கிடக்கு மாப்ள. பாப்பா வரட்டும்.”

“ஐயோ அண்ணே, இவர் ஓட்டுற வேகத்துக்கு நான் வரலை.”

“அதுக்குத்தாம்மா சொல்றேன். நீ இருந்தா மெதுவா போவாரு.”

அப்படித்தான் நினைத்தேன் ஐயா. அவள் இருந்தால் மெதுவாகப் போவார், ஒன்றும் ஆகாது, திரும்பி வந்ததும் ஸ்பிரிங்கைச் சரிசெய்துவிடலாம் என்று. அவள் இருந்தால்தான் இன்னும் கொஞ்சம் அழுத்தி மிதிப்பார் என்பதும் எனக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேனே. கதவைத் திறந்து அவளை உட்கார வைத்தேன். பெல்ட்டை நானே மாட்டி, இழுத்து இழுத்துப் பார்த்தேன். அவருடைய பெல்ட்டை நான் பார்க்கவில்லை.

பாலத்துக்கு முந்தைய வளைவிலேயே மாப்பிள்ளை போய்ச் சேர்ந்துவிட்டார். அடக்கத்துக்கு நான்தான் முன்னால் நின்றேன். தங்கைக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. பேச்சும் வரவில்லை. பெல்ட்டால்தான் உயிர் தப்பியது என்று டாக்டர் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. கட்டி வைத்த பெட்டியைப் பிரித்து, அவள் சின்ன வயதில் இருந்த அறையில் துணிகளை அடுக்கினேன். இனி அவள் எங்கேயும் போக வேண்டியதில்லை.

என்னைக் கூட்டிப் போவதானால் சாயங்காலத்துக்குள் விட்டுவிடுங்கள். அவளுக்கு மூன்று வேளையும் நான்தான் ஊட்டுகிறேன். கரண்டியைக் கிட்டே கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொண்டு என்னையே பார்க்கிறாள். முதலில் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும். பழகிவிடும்.