காத்தோட கண்ணு

இல்ல, நீயே சொல்லும்மா சௌம்யா, கொசுவலை அடிக்க வந்த ஆளுக்கு யாராவது இங்கிலீஷ் பாடம் எடுப்பாங்களா? எங்க வீட்டுக்காரரு எடுத்தாரு! சிரில்னு ஒரு கார்பென்டர், பாவம், விவேக் நகர்லேர்ந்து ரெண்டு பஸ் மாறி இந்த பொம்மனஹள்ளிக்கு வந்தான். ஹால் ஜன்னல்ல பாதி வலைதான் அடிச்சிருப்பான்... "தம்பி, விண்டோன்னா என்ன தெரியுமா? காத்தோட கண்ணு! ஐரோப்பாவுல வடக்குக் கோடியில கப்பல் ஓட்டினவங்க வச்ச பேரு"ன்னு ஆரம்பிச்சாரு பாரு, முக்கா மணி நேரம்! "டீ குடிச்சிட்டு வரேன் சார்"னு போனவன் போனவன்தான். சுத்தியலைக்கூட எடுத்துக்கல. ஊர்க் கொசு மொத்தமும் இப்ப எங்க ஹால்லதான் குடித்தனம்.

அட, உள்ள வரலம்மா, இப்படி வாசல்லயே நிக்கறேன். நீ லேப்டாப்பைப் பாரு, நான் பாட்டுக்கு சொல்றேன்.

நீ குடி வந்து பத்து நாள்தானே, உனக்குத் தெரியாது. மனுஷன் கவர்மென்ட் பிரஸ்ல புரூஃப் பாத்தவரு. ரிட்டயர் ஆன கையோட தலகாணி சைஸ்ல ஒரு டிக்‌ஷனரி வாங்கினாரு. அன்னிக்குப் புடிச்சது சனி! சோறு போட்டா ஒரு வார்த்தை, துணி காயப்போட்டா ஒரு வார்த்தை. கீழ் வீட்டு கிஷோர் இல்ல? ஜிம்முக்குப் போயி கையை முறுக்கிக் காமிச்சான். "மஸில்னா லத்தீன்ல சுண்டெலிப்பா, தோலுக்கடியில எலி ஓடற மாதிரி இருக்குல்ல"ன்னுட்டாரு. அன்னிலேர்ந்து அந்தப் பையன் முழுக்கை சட்டைதான்.

என்ன, மீட்டிங்கா? இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்குல்ல, இரு.

அப்புறம் அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப். தினம் காலையில ஒரு வார்த்தை, ஒரு முழம் நீளத்துக்கு. அந்த குரூப்பை நடத்தற அனுஷா, தங்கமான பொண்ணு, "நைஸ் அங்கிள்"னு போட்டா. சும்மா இருக்கலாம்ல? "நைஸ்னா ஒரு காலத்துல மடையன்னு அர்த்தம்மா"ன்னு பதினாறு மெசேஜ்! அன்னிக்குப் பாத்து "டேங்கர் வரல, தண்ணி புடிச்சு வைங்க"ன்னு வந்த மெசேஜ் அதுக்கடியில எங்கயோ போயிடுச்சு. நாலாவது மாடிக்காரரு தலை நிறைய சோப்போட நின்னுக்கிட்டு, "சாக்கு சார், சாக்கு"ன்னு கன்னடத்துல கும்பிட்டு மெசேஜ் போட்டாரு. போதும்னு சொல்றாரு. எனக்கு மானமே போச்சு.

மறுநாள் அவரை குரூப்லேர்ந்து எடுத்துட்டாங்க.

நிம்மதியான்னு கேக்கறியா? நிம்மதி எங்கேம்மா... நாலு நாளாச்சு, மனுஷன் வாயே திறக்கல. டிக்‌ஷனரியைத் துணியில சுத்தி பீரோ மேல ஏத்திட்டாரு. "நம்மளை யாருக்கும் புடிக்கல போல"ன்னு ஒரே ஒரு தடவை சொன்னாரு. காபி குடுத்தா குடிக்கறாரு, அவ்வளவுதான். காபிக்குன்னு ஒரு கதை வச்சிருந்தாரும்மா... எத்தனை தடவை கேட்டிருப்பேன்! வீடே நல்லால்ல. எனக்கு பயமா இருக்கு.

அனுஷாவையா? அவளை ஏம்மா திட்டணும்... அவ என்ன பண்ணுவா? நான்தான் போன் பண்ணி, "எப்படியாவது அவரை எடுத்துடு, நான் சொன்னேன்னு சொல்லாத"ன்னேன். ஆமா. நான்தான்.

அதான் உன்கிட்ட வந்தேன். எதிர் வீடுதானே, ஒரு எட்டு வந்து, "அங்கிள், இந்த வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சு"ன்னு எதையாவது கேளேன். எதுவா இருந்தா என்ன... அய்யோ, போன் அடிக்குதா? மீட்டிங்கா? சரி சரி, போ... கதவைச் சாத்திக்கோ, சாத்திக்கோ.

ம்... சாத்திட்டா.

ஏங்க! எவ்வளவு நேரந்தான் அந்த போனையே பாத்துட்டு உக்காந்திருப்பீங்க? இங்க பாருங்க. உங்களை குரூப்லேர்ந்து எடுக்கச் சொன்னது ஊர்ல யாருமில்ல, நான்தான். முறைக்காதீங்க. திட்டறதுன்னா அப்புறமா வச்சுத் திட்டுங்க, நான் எங்க போகப்போறேன். முதல்ல பீரோ மேலேர்ந்து அந்த புக்கை எறக்குங்க.

இந்த ஜன்னலுக்கு ஏதோ சொன்னீங்களே... காத்தோட... காத்தோட என்னதுங்க? எனக்கு மறந்தே போச்சு.